இழைச்சியின் சந்தேகம்

முன்னால் நடப்பாள்; இடறினால் பின்னால் வருவாள்; தன் வாலைத் தானே நறுக்கிவிட்டு மறுபடி நடப்பாள். யார் அவள்? பல்லி என்கிறீர்களா? பல்லி இல்லை. உயிருள்ள எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் படியெடுப்பவள்.

அந்தக் காலத்தில், விதைக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத ஆட்களும் பேசிக்கொள்வார்கள். ஒரு பீர்க்கம் விதைக்குள் இழைச்சி என்ற சிறுமி இருந்தாள். நடு அறையில் நீண்டு கிடக்கும் தாய்நூலின் மேல் நடந்து, அதில் உள்ளபடியே நான்கு நிற மணிகளைக் கோப்பது அவள் வேலை. அந்தச் சரத்தைப் பார்த்துத்தான், விதையோட்டை இளக்கும் கூழை அடுக்களையில் காய்ச்சுவார்கள்.

மழை பெய்தது. கூழ் காய்ச்சினார்கள்; ஓடு இளகவில்லை. இன்னொரு சரம், இன்னொரு கூழ், அதுவும் வீண். ஈரம் காய்வதற்குள் முளைக்காவிட்டால் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் மடிய வேண்டியதுதான்.

கோக்க மணிகளை நீட்டும் மணிக்காரர் மேல் இழைச்சிக்குச் சந்தேகம்.

"மாமா, கையை விரிச்சுக் காட்டுங்க."

"ஏன்டியம்மா, நான் என்ன திருடனா? நாலு நிறத்தையும் நீட்டுறேன். எடுக்கிறது உன் கை!"

அவள் நம்பவில்லை. அவர் விரல்களையே முறைத்தபடி மூன்றாவது சரத்தைக் கோத்தாள். முறைத்த முறைப்பில், சிவப்பு வரவேண்டிய இடத்தில் நீலத்தை எடுத்துக் கோத்துவிட்டாள். மணி சரியாக உட்காரவில்லை. மேலும் இரண்டு மணி கோத்தாள்; அதற்குமேல் கால் நகரவில்லை.

"முன்னேயும் இப்படித்தான் கால் இழுத்துச்சு," என்றாள் மெதுவாக. "அவசரத்துல உதறிட்டு நடந்துட்டேன்."

"அப்போ ஒவ்வொரு மணிக்கும் திரும்பிப் பாரு."

"ஈரம் தாங்குமா?"

இருவரும் உதிரி மணிகளைத் தரையில் பரப்பி விளையாட்டாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கணக்கில், ஒவ்வொன்றுக்கும் திரும்பினால் பாதிச் சரத்திலேயே ஈரம் காய்ந்தது. திரும்பாமலே ஓடினால் கூழ் கெட்டது. கால் இழுக்கும் இடத்தில் மட்டும் திரும்பினால் ஈரமும் மிஞ்சியது. பிழையும் பெரும்பாலும் ஒழிந்தது.

"பெரும்பாலும்னா? ஒண்ணு ரெண்டு தப்பிச்சிடுமே!"

"தப்பிக்கும்தான். எல்லாத்தையும் பிடிச்சுட்டு யாருக்குக் கூழ் ஊத்தப் போறே?"

அடுக்களைக்காரி கத்தினாள்: "அடியே, சரம் எங்கே? கோத்ததை நறுக்கினே, தொலைஞ்சே!"

நறுக்கினால், நீலத்தோடு நல்ல மணி இரண்டும் போகும்.

அன்று முதல்தான் படியெடுப்பவர்கள் கால் இழுக்கும் இடத்தில் நின்று, பின்வாங்கி, பிழையான மணியோடு சரத்தின் வால்நுனியை வெட்டிவிட்டு நடக்கிறார்கள். மணி நீட்டுகிறவரை ஓரக்கண்ணால் பார்ப்பதை மட்டும் இன்னும் விடவில்லை. அன்றைக்கு இழைச்சி மூன்று மணிகளையும் நறுக்கினாள்; ஓடு இளகியது.