பதினோரு தாளிலும் ஓட்டை

“டீச்சர், சூரனை எனக்குக் கொடுத்துடுங்க.”

நிலோபர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தேவசகாயம் கேட்டுவிட்டார்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. திருநெல்வேலியில் வங்கி மேலாளர். நிலோபர் அவரைவிடப் பன்னிரண்டு வயது சிறியவர். மதுரையில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. பழைய பொம்மை சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் அவர்தான் டீச்சர். பிளாஸ்டிக் மஞ்சளித்தால் என்ன செய்வது, அட்டைப்பெட்டியில் பூச்சி ஏறினால் என்ன செய்வது என்று தேவசகாயம் கற்றதெல்லாம் அவரிடம்தான்.

சூரன் என்றால் சூறாவளிச் சூரன். ஜீவாமால்ட் என்ற சத்துபானக் கம்பெனி விளம்பரத்துக்காகவே உண்டாக்கிய அதிசய வீரன். ஒரு சாண் உயரம். சிவப்பு மேலங்கி. தூக்கிய வலது கை.

கடையில் அவனை விற்றதில்லை. பத்திரிகையோடு வைத்துக் கொடுத்த வண்ணத் தாளில், மூலையில் ஒரு கூப்பன். வெட்டி அனுப்பியவர்களுக்கு மட்டும் தபாலில் வந்தான். கம்பெனியை மூடி முப்பது வருஷமாகிறது.

தேவசகாயத்திடம் ஜீவாமால்ட் டப்பா இருந்தது. கடை வாசலில் தொங்கிய தகரப் பலகை இருந்தது. சூரன் வந்த பெட்டிகூட இருந்தது. பெட்டி காலி.

விளம்பரத் தாள் பதினொன்று இருந்தது. பதினொன்றிலும் மூலையில் ஓட்டை.

நிலோபரின் அலமாரியில் சூரன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

“என்ன விலை சொன்னாலும் சரி டீச்சர்.”

“விக்கிறதுக்கு இல்லை சார்.”

“அப்போ எப்படித்தான் கிடைக்கும்?”

“விளம்பரத்துல போட்டிருக்கே. அதுபடி வாங்கிக்கோங்க.”

“கேலி பண்றீங்களா?”

“டீயைக் குடிங்க, ஆறுது.”

திரும்பும் பஸ்ஸில் தேவசகாயம் யோசித்தார். வெட்டாத தாள் ஒன்றைக் கண்டுபிடித்து வா, தருகிறேன் என்கிறார் டீச்சர். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்.

இரண்டு வருஷம் தேடினார். பழைய பேப்பர் கடைகள், முடிதிருத்தும் கடைகள், சென்னைப் பிளாட்பாரங்கள். எங்கே தாள் கிடைத்தாலும் மூலை இல்லை.

“ஓட்டைப் பேப்பருக்கு ஊர் ஊரா அலையற ஒரே மேனேஜர் நீங்கதான்” என்றார் மனைவி ரெஜினா.

ஒருநாள் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது தாளின் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் தெரிந்தது. சிவகாசி.

நான்கு நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். அச்சகக்காரர் கிடங்கைத் திறந்துவிட்டு, “எலி இருக்கும், பார்த்துக்கோங்க” என்று மட்டும் சொன்னார். தேவசகாயம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டுக் கட்டாகப் பிரித்தார். நான்காம் நாள் மத்தியானம், மாதிரிக்காக எடுத்துவைத்த தாள்களுக்கு நடுவே அது இருந்தது.

நான்கு மூலையும் இருந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. நேராக மதுரைக்கு பஸ் ஏறினார்.

நிலோபர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அசல்தான் சார்.”

“அப்போ சூரன்?”

“நிரப்புங்க.”

“எதை?”

“கூப்பனை.”

தேவசகாயம் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

தேவசகாயம் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“பென்சில் எதுக்கு?”

“அப்புறம் தடம் தெரியாம அழிச்சுக்கலாம். நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?”

“மையால் நிரப்பவும்னு போட்டிருக்கு.”

பேனாவை வாங்கிக்கொண்டார். பெயர் எழுதினார். முகவரி எழுதினார்.

“வகுப்புன்னு ஒண்ணு கேட்டிருக்கு டீச்சர்.”

“எதுல படிக்கிறீங்க?”

“மே மாசம் என் மகளுக்குக் கல்யாணம்.”

“அப்போ கோடு போட்டுடுங்க.”

கோடு போட்டார். டீச்சர் ஒரு கத்தரியை மேஜைமேல் வைத்தார். பள்ளிப் பிள்ளைகள் வெட்டுகிற, முனை மழுங்கிய கத்தரி.

தேவசகாயம் தாளின்மேல் இரண்டு கையையும் விரித்து மூடிக்கொண்டார்.

“இது ஒண்ணுதான் இருக்கு டீச்சர். வேற யாருகிட்டயும் கிடையாது.”

“தெரியும்.”

“வெட்டினா போச்சு.”

“போயிடும்.”

“எனக்கு ரெண்டும் வேணும்.”

“அன்னிக்கு எந்தப் பிள்ளைக்கும் ரெண்டும் கிடைக்கலை சார்.”

தேவசகாயத்துக்கு வீட்டில் இருக்கும் பதினோரு ஓட்டைகளும் நினைவுக்கு வந்தன. ஒன்று பிளேடால் அறுத்தது. ஒன்று எச்சில் தொட்டு மடித்துக் கிழித்தது. ஒன்றில் கத்தரி சூரன் படத்தின் முழங்கால் வரை போயிருந்தது. அவ்வளவு அவசரம்.

கத்தரியை எடுத்தார். புள்ளிக்கோட்டின்மேல் வைத்தார். வெட்டினார்.

டீச்சர் கூப்பனை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார். மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார்.

தேவசகாயம் இரண்டு கையையும் நீட்டினார்.

“வீட்டுக்குப் போயிட்டு வாங்க சார்.”

“சூரன்?”

மிச்சத் தாளின் அடியில் இருந்த பொடி எழுத்தை டீச்சர் விரலால் தொட்டுக் காட்டினார். தேவசகாயம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

“பொம்மை தபாலில் வந்து சேர ஆறு வாரம் ஆகும்.”

மறுநாள் காலை பதினோரு மணிக்கு வங்கியிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தார்.

“ரெஜினா, தபால்காரர் வந்துட்டாரா?”