சிலந்தி ஏன் தன் வலையைத் தின்கிறது

அந்தக் காலத்தில் சிலந்திகள் பேசின, கூட்டமாகவும் வாழ்ந்தன. நம்பாவிட்டால் போங்கள். ஒரு காரைப்புதர். யாருக்கும் சொந்தமில்லை. நாற்பது சிலந்திகள் அதில் பக்கத்துப் பக்கத்தில் வலை கட்டின. ஒவ்வொருத்திக்கும் முழு வலை கட்டத் தெரியும். எவள் வலையில் ஈ விழுந்தாலும் எல்லாரும் தின்றார்கள்.

ஒரு குளவி வந்தது. புதரைச் சுற்றி மண்சுவர் எழுப்பிக் கூரை போட்டது. ஈ வர நாலு ஜன்னல், சிலந்தி போக ஒரு வாசல்.

“வெயில் இல்லை, மழை இல்லை. உள்ளேயே இருங்க,” என்றது. நல்லதுதானே என்று இருந்துவிட்டார்கள்.

மறுநாள் வேலையைப் பிரித்தது. “ஒருத்தியே எல்லாத்தையும் செஞ்சா நேரமாகுது. நீ நெடுக்கு நூல் மட்டும் கட்டு. நீ வட்டம் மட்டும் சுத்து. நீ பசை மட்டும் தடவு.”

வேகம் வந்தது. அதில் பொய் சொல்லக் கூடாது. நாற்பது வலை இருந்த இடத்தில் நூறு வலை. ஈ கொட்டியது. சாயங்காலம் குளவி எல்லா ஈயையும் அள்ளிக்கொண்டு, தலைக்கு ஒன்று கொடுத்தது.

இப்படியே காலம் ஓடியது.

ஒச்சாயி என்று ஒருத்தி, நெடுக்கு நூல் கட்டுகிறவள். வயிற்றில் முட்டை. ஒரு ஈ அவளுக்கே போதாது. முட்டை வயிற்றிலேயே வற்றிக்கொண்டிருந்தது.

“அம்மா, வலை நாங்க கட்டினது,” என்றாள்.

“சுவர் நான் கட்டினது,” என்றது குளவி.

“நூல் எங்க வயித்துலேர்ந்து வருது.”

“வயிறு உன்னுது. அதுக்குள்ள போற ஈ என்னுது. பிடிக்கலேன்னா வாசல் திறந்துதான் கிடக்கு. அடுத்த புதர்க்காரிங்க வெளியே வரிசையில நிக்கிறாளுக, பாரு.”

ஒச்சாயி எல்லாரையும் கூட்டினாள். தலைக்கு மூன்று ஈ கொடுக்கும்வரை யாரும் நூலைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். இரண்டு நாள் வேலை நின்றது. மூன்றாம் நாள் குளவி பசை தடவுகிறவர்களை மட்டும் கூப்பிட்டது.

“உங்க வேலைதான் நுணுக்கமான வேலை. உங்களுக்கு மட்டும் ரெண்டு ஈ.”

முதலில் எழுந்தவள் ஒச்சாயியின் கூடப் பிறந்த அக்கா, இருளாயி.

“எங்கேக்கா போறே?”

“பசிக்குதுடி.”

“எனக்குப் பசிக்கலையா?”

“உனக்குத்தான் வீம்பு இருக்கே. அதைத் தின்னு.”

மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள், பழைய ஒரு ஈக்கே. ஒச்சாயியைக் குளவி வெளியே தள்ளியது.

கருவேலங்கிளையில் வலை கட்டப் பார்த்தாள். நெடுக்கு நூல் அழகாக வந்தது. வட்டம் கோணிக்கொண்டது. பசை வரவேயில்லை. மறந்து போயிருந்தது. ஈ வந்து உட்கார்ந்து, காலைத் துடைத்துக்கொண்டு, பறந்து போனது.

ஜன்னலுக்குப் போய்க் கெஞ்சினாள். “பசை எப்படிக்கா வரும்? சொல்லேன். முட்டை சாகுது. நீ அதுகளுக்குப் பெரியம்மா.”

இருளாயி திரும்பவில்லை. “சொல்லிட்டா நாளைக்கு நீ வந்து என் இடத்துல நிப்பே. போடி.”

போனாள். பசையில்லாத வலை காற்றில் தொங்கியது. தின்ன வேறு ஒன்றும் இல்லை. அதையே சுருட்டித் தின்றாள். தின்ற நூல் வயிற்றில் மறுபடி நூலானது. கட்டினாள், தின்றாள். ஒன்பதாம் நாள் பசை வந்தது. ஒரு கொசு ஒட்டியது. முட்டையில் பாதி பிழைத்தது.

பிள்ளைகளிடம் ஒன்றுதான் சொன்னாள். “முழு வலையும் நீயே கட்டு. விடியறதுக்குள்ள நீயே தின்னுடு. விட்டு வெச்சா யாராவது சுத்திச் சுவர் வெப்பாங்க. கூடப் பிறந்தவளைக்கூடக் கிட்ட விடாதே.”

பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் காற்றோடு போயின. ஒன்றுகூட அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னதைத்தான் செய்தன.

அங்கே குளவிக்கும் ஒரு நாள் ஈ தீர்ந்தது. நூறு வலையும் காலி. அதன் குஞ்சுகளோ பசியில் கத்தின. இனி நெய்கிறவர்களால் என்ன பயன்? யோசித்து, இருளாயியை முதலில் கூப்பிட்டது. வேலை வந்துவிட்டது என்று அவள் ஓடினாள்.

அன்று முதல்தான் சிலந்தி ஒண்டியாக இருக்கிறது, கட்டிய வலையை விடியுமுன் தானே தின்கிறது. உங்கள் வீட்டுச் சுவரில் குளவியின் மண்கூடு இருந்தால் உடைத்துப் பாருங்கள். குஞ்சுகளுக்குத் தீனியாக அறை அறையாகச் சிலந்திகளை அடைத்திருக்கும். செத்தவை இல்லை. கொட்டு வாங்கி, அசைய முடியாமல், மறுபடி வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று கிடக்கின்றன.