ஓலைக்காரனின் குறுக்கு வழி

"இதைவிடச் சீக்கிரமான வழி ஒன்று இருக்க வேண்டுமே, அடிகளே" என்றான் எயினன்.

குணமித்தர் பிட்சைப் பாத்திரத்தை மணல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

கடலோரத்து விகாரை அது. தாழம்புதர்களுக்கு நடுவே செங்கல் சுவரும் ஓலைக்கூரையுமாக நின்றது. விடிகிற நேரத்தில் கடலிலிருந்து மூடுபனி எழுந்து வாசல்வரை வந்துவிடும். அப்போது அங்கே நடக்கிறவர்களுக்குக் கால் தெரியாது. இடுப்புக்கு மேலே மட்டும் மிதந்து போவார்கள்.

எயினன் அங்கே வந்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது. அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. குருவான குணமித்தருக்கு முப்பத்தைந்துகூட நிரம்பவில்லை. தன்னைவிடச் சின்னவர் முன்னால் கைகட்டி நிற்பதில் அவனுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நாள் போகிறதே என்பதுதான் வருத்தம்.

அவன் இன்னும் காவி உடுத்தவில்லை. விகாரைக்குத் தண்ணீர் சுமப்பான். மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்து மூச்சை எண்ணுவான். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஓராண்டில் ஒருமுறைகூட அவன் பத்தை நிம்மதியாகத் தொட்டதில்லை. ஆறோ ஏழோ வந்ததும் எண்கள் தாமாக ஓட ஆரம்பித்துவிடும்.

அவன் அரசனுடைய ஓலைக்காரனாக இருந்தவன். பல வருஷம் ஓலையைத் தலைப்பாகையில் செருகிக்கொண்டு ஓடியவன். குதிரை போக முடியாத இடத்துக்கெல்லாம் போவான். மூன்று நாள் வழியை ஒன்றரை நாளில் முடிப்பான். எயினன் புறப்பட்டுவிட்டால் அவனைக் கூப்பிட்டுப் பிடிக்க இன்னொருவன் பிறந்துதான் வர வேண்டும் என்று அரண்மனையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

விடுதலையையும் அவன் அப்படித்தான் விசாரித்தான். எத்தனை நாள் வழி, எங்கே ஆறு குறுக்கிடும், எந்த இடத்தில் இறங்கினால் தூரம் குறையும். பதினைந்து வருஷமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற பிட்சுக்களைப் பார்த்தால் அவனுக்குப் பாவமாக இருந்தது. யாரோ இவர்களுக்கு வழியைத் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தான்.

என்ன அவசரம் என்று குணமித்தர் ஒருநாளும் அவனைக் கேட்டதில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை. பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"நேற்று மதியம் அரசமரத்தடியில் கண் அயர்ந்தீர்களே, எயினரே."

"ஆமாம், அடிகளே."

"உங்கள் கால் ஓடிக்கொண்டிருந்தது."

எயினன் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தான். பனியில் அவை தெரியவில்லை.

"அது எங்கே ஓடுகிறதோ அதுதான் உங்களுக்குக் குறுக்கு வழி" என்றார் குணமித்தர். "போகட்டும். நான் பின்னால் வருகிறேன்."

அன்றைக்கே புறப்பட்டார்கள்.

எந்தத் திசையில் போவது என்று எயினன் கேட்டான். குணமித்தர் அவன் காலைப் பார்த்தார். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. கால் போன போக்கில் விட்டான்.

கால் வடமேற்கே போயிற்று.

குணமித்தர் நடப்பது நடையில் சேர்த்தியே இல்லை. எறும்புச் சாரை குறுக்கிட்டால் அது முடியும்வரை நிற்பார். உச்சிப்பொழுதுக்குள் ஏதாவது ஊரில் நாலு வாசலில் நின்று பிட்சை வாங்கி உண்பார். எயினன் கொஞ்சம் தன்னை மறந்தால் ஒரு கூப்பிடு தூரம் முன்னே போய்விடுவான். திரும்பிப் பார்த்தால் வெட்டவெளி. உட்கார்ந்து காத்திருப்பான். வெகுநேரம் கழித்து, கானல் நடுங்குகிற இடத்தில் ஒரு காவிப் புள்ளி அசையும்.

உப்பளங்களைக் கடந்தார்கள். வெள்ளைப் பாத்திகளில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. நாரைகள் அதில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தன. ஒரு பனந்தோப்புக்குள் நுழைந்தபோது காற்று மேலேயே போய்க்கொண்டிருந்தது. கீழே ஓசை மட்டும் கேட்டது. எங்கேயோ முன்பு கேட்ட ஓசை என்று எயினனுக்குத் தோன்றியது. யோசித்தால் பிடிபடவில்லை.

இரண்டாம் நாள் கோரை மண்டிய ஓர் ஏரி. அதன் கரையில் கால் தானாகவே இடப்பக்கம் ஒதுங்கியது. அங்கே பாதையில் ஒரு பள்ளம் இருந்தது. பள்ளம் இருப்பது காலுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஆறு வந்தது.

எயினன் நின்றுவிட்டான். மணலில் உட்கார்ந்தான். குணமித்தர் வந்து சேர்ந்து, பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஓராண்டாக யாரிடமும் சொல்லாததை எயினன் அங்கே வைத்துத்தான் சொன்னான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மாதம். அக்கரை ஊர்த் தலைவனிடம் சேர்க்கச் சொல்லி அரசன் ஓர் ஓலை கொடுத்தான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஓலைக்காரன் பார்ப்பதில்லை. ஆற்றில் வெள்ளம் இரண்டு கரையும் புரண்டு போனது. ஓடக்காரர்கள் ஓடம் எடுக்க மறுத்துவிட்டார்கள். அவன் ஓலையை மெழுகுத்துணியில் சுற்றித் தலையில் கட்டிக்கொண்டு குதித்தான். மாடுகளும் கூரைகளும் மிதந்து வந்த தண்ணீரில் நீந்திக் கரையேறி, விடிவதற்குள் ஓலையைச் சேர்த்துவிட்டான். சோறு போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் தூங்கினான்.

பறையொலி கேட்டு விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஏரிக் கரையை உடைத்துவிட்டான் என்று ஆதன் என்ற ஏரிக் காவலனின் தலையை வாங்கச் சொல்லி எழுதிய ஓலை அது.

மறுநாள் உச்சியில் இரண்டாவது ஓலைக்காரன் வந்தான். ஆதன்மேல் குற்றம் இல்லை, விட்டுவிடவும் என்றது அவன் கொண்டுவந்த ஓலை. வெள்ளம் வடியட்டும் என்று அவன் ஒரு பகல் முழுக்க இந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிறான்.

"அவனுடைய மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை" என்றான் எயினன். "அழுகையைக் கேட்டேன். அன்றைக்கு ஓட ஆரம்பித்தேன். இதிலிருந்து எவ்வளவு சீக்கிரம் வெளியேற முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வெளியேற வேண்டும், அடிகளே. அதற்குத்தான் உங்களிடம் வந்தேன்."

குணமித்தர் எழுந்தார். ஆடையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். புறப்பட்ட நாளிலிருந்து முதல்முறையாக அவர் முன்னே போனார்.

நடு ஆற்றில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"முழங்கால் அளவுதான் இருக்கிறது" என்றார்.

அக்கரையில் ஆதன் வீடு எது என்று கேட்டதும் காட்டினார்கள். ஊருக்கு வெளியே, ஏரிக்கரைச் சரிவில் இருந்தது வீடு. எதிரே பெரிய களம். களம் முழுக்க அவித்த நெல்லைப் பரப்பியிருந்தார்கள். அதிலிருந்து ஆவி எழுந்து வெயிலில் கலங்கிக்கொண்டிருந்தது. ஆவிக்குள் ஒரு பெண் காலால் நெல்லைக் கிளறியபடி போய்க்கொண்டிருந்தாள்.

குணமித்தர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். எயினன் மட்டும் போனான்.

களத்தின் ஓரத்தில் நின்றான். சொல்ல வேண்டியதைப் பலமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தான். அதில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"முதல் ஓலையைக் கொண்டுவந்தவன் நான்தான், அம்மா."

அவள் பெயர் பூதி. நரைத்த தலை, இழுத்துச் செருகிய சேலை. அவளுடைய கால் நெல்லில் நின்றது. அவனை உச்சியிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு கால் மறுபடி அசைந்தது.

"அவர் வருஷத்துக்கு ஒருமுறை வருவார்" என்றாள்.

"யார்?"

"இரண்டாவது ஓலைக்காரர். வந்து, நீங்கள் நிற்கிற இடத்தில்தான் நிற்பார். ஆற்றைப் பார்த்துப் பயந்துவிட்டேனே, மெதுவாக வந்துவிட்டேனே என்று அழுவார்."

எயினன் தன் பாதங்களைப் பார்த்தான்.

"நான் வேகமாக வந்துவிட்டேன்" என்றான்.

பூதி களத்தின் கடைசிவரை போனாள். திரும்பி வந்தாள். அவள் வந்து சேரும்வரை அவன் காத்திருந்தான்.

"உங்கள் இரண்டு பேரையும் வைததற்குக் கணக்கில்லை" என்றாள். "எத்தனையோ வருஷம் வைதேன். இப்போது உங்களை நேரில் பார்க்கிறேன். வசவு வரவில்லை. போகட்டும் விடுங்கள் என்று சொல்லவும் வரவில்லை. நான் என்ன செய்யட்டும்?"

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. மேற்கே பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் ஏரிக்கு அப்பால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே அடுப்பில் இன்னொரு பானை நெல் வெந்துகொண்டிருக்கிறது, இறக்க வேண்டும் என்றாள். அதுவரை இதைக் கிளறிவிடச் சொன்னாள்.

"காலைத் தூக்காமல் இழுத்து நடங்கள்" என்றாள். "வேகமாகப் போனால் நெல் சிதறும்."

போய்விட்டாள்.

எயினன் களத்தில் கால் வைத்தான். நெல் வெதுவெதுவென்று பாதத்தை மூடியது. அவித்த நெல்லின் வாசம் முகத்தில் ஏறியது. ஒரு காலை இழுத்தான். நெல் இரண்டு பக்கமும் விலகி உழவுச் சால்போல வழிவிட்டது. மறு காலை இழுத்தான்.

களத்தின் கடைசிக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. திரும்பினான்.

சிட்டுக்குருவிகள் வந்து இறங்கின. அவன் நெருங்கும்போது ஓரடி தள்ளிப்போய் உட்கார்ந்தன. அவ்வளவு மெதுவாக அவன் போனான். ஆவி மெலிந்தது. ஏரித் தண்ணீர் கரையில் தட்டுகிற ஓசை ஒருமுறை கேட்டது, அப்புறம் நெல்லின் சரசரப்பு, அப்புறம் மறுபடி தண்ணீர். மேகம் ஏரியைத் தாண்டாமல் தெற்கே நகர்ந்து போனது. பூதி இரண்டாவது பானை நெல்லைக் கொண்டுவந்து மறு ஓரத்தில் கொட்டிப் பரப்பினாள். அந்த ஓரத்தில் அவள் நடந்தாள். இந்த ஓரத்தில் அவன் நடந்தான்.

அவன் நிழல் காலடியில் சுருங்கி, பிறகு கிழக்கே நீண்டது.

வேப்பமரத்தடியிலிருந்து குணமித்தர் எழுந்து வந்தார். பாத்திரத்தைத் தோளில் மாட்டியிருந்தார்.

"பொழுது சாய்கிறது, எயினரே. புறப்படலாமா?"

எயினன் குனிந்து ஒரு நெல்லை எடுத்தான். பல்லிடுக்கில் வைத்துக் கடித்துப் பார்த்தான்.

"இன்னும் ஈரம் இருக்கிறது, அடிகளே" என்றான்.