உப்பு மண்ணும் கசப்புக் கிழங்கும்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் கல்லாங்கரடு. பாறையும் பாறை இடுக்கும் தவிரச் சொல்லிக்கொள்கிற மாதிரி அங்கே ஒன்றும் கிடையாது. முள்ளம்பன்றிகள் வளை தோண்டிக் குடியிருந்தன.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெருங்காடு. ஏரி, மூங்கில், புல்வெளி, பலா மரம், உப்பு மண் மேடு என்று எதற்கும் குறைவில்லை. அது யானைகளின் நாடு.

கரட்டில் இல்லாத பொருள் உப்பு மண். முள்ளம்பன்றிக் குட்டி பிறக்கும்போது அதன் முள் மெத்தென்று இருக்கும். உப்பு மண்ணை நக்க நக்கத்தான் இறுகும். முள் இறுகாத குட்டி வளையை விட்டு வெளியே வந்தால், செந்நாய் ஒரே கவ்வில் தூக்கிக்கொண்டு போய்விடும்.

பெருங்காட்டில் இல்லாத பொருள் கசப்புக் கிழங்கு. அது கரட்டுப் பாறை இடுக்கில்தான் விளையும். யானையின் காலும் நுழையாது, துதிக்கையும் எட்டாது. முள்ளம்பன்றிகளோ அதை வாயில் வைக்காது, அத்தனை கசப்பு. அதனால் கோடையில் ஆறு வற்றியதும் இரண்டு தரப்பும் நடு ஆற்று மணல் திட்டில் கூடும். முள்ளம்பன்றிகள் கிழங்கை முள்ளில் குத்தி முதுகு நிறையச் சுமந்து வரும். ஒரு முதுகுச் சுமைக்கு ஒரு உப்பு மண் கட்டி. நெடுங்காலமாக இதுதான் விலை.

இந்தக் கிழங்கு யானைகளுக்கு எதற்கு? அது கரட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஏனென்றால் யாரும் கேட்டதே இல்லை. அங்கே அப்படி ஒரு வழக்கம். ஒருவருக்கு ஒன்றைக் கொடுத்தால் கொடுத்ததுதான். 'அதை என்ன பண்ணினாய்?' என்று கேட்பது கேவலம். சொந்தபந்தத்துக்குள் அது அழகான வழக்கம், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதையே தூக்கிக்கொண்டு சந்தைக்கும் போனார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த வருஷக் கோடையில் யானைகளின் சார்பாகக் கொம்பன் வந்தது. வாட்டசாட்டமான ஆண் யானை. மணல் திட்டில் நின்று காதை ஆட்டிக்கொண்டே சாவதானமாகச் சொன்னது.

"கோரையா, இந்த வருஷத்திலிருந்து ஒரு கட்டிக்கு இரண்டு முதுகுச் சுமை."

கோரையன் முள்ளம்பன்றிகளின் தலைவர். ஆள் நல்லவர்தான். ஆனால் வாயைத் திறந்தால் வீட்டுக் கஷ்டம் முழுவதையும் கொட்டிவிட்டுத்தான் மூடுவார்.

"ஐயா, அப்படிச் சொல்லக் கூடாது. உங்க மண்ணு இல்லாட்டி எங்க குட்டிங்க ஒண்ணும் தங்காது. முள்ளு இறுகாது. செந்நாய் வேற சுத்துது. உங்களை நம்பித்தான் நாங்க பிழைக்கிறோம்."

"தெரியும் கோரையா. வருஷா வருஷம் நீயே சொல்றியே. அதனாலதான் இரண்டோட நிறுத்திக்கிட்டேன்" என்றது கொம்பன்.

கூட்டத்தில் சிலும்பி என்ற தாய் முள்ளம்பன்றி நின்றிருந்தாள். அவளுக்கு அந்த வருஷம் இரண்டு குட்டிகள். போன வருஷம் மண் பற்றாமல் போய், பிறந்த ஒரே குட்டியைச் செந்நாய்க்குப் பறிகொடுத்தவள். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அவள் இன்னொன்றையும் யோசித்தாள். இரண்டு மடங்கு கிழங்கு வேண்டும் என்றால் தாய்க்கிழங்கையும் தோண்ட வேண்டும். தாய்க்கிழங்கு போனால் அடுத்த வருஷம் முளைக்க எதுவும் மிஞ்சாது. அப்புறம் கிழங்கும் இல்லை, மண்ணும் இல்லை.

அவள் முன்னால் வந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா? இந்தக் கிழங்கை வாங்கிட்டுப் போய் நீங்க என்ன பண்றீங்க?"

அவ்வளவுதான். அத்தனை முள்ளம்பன்றிகளுக்கும் வெட்கத்தில் முள் சிலிர்த்துக்கொண்டது. கோரையன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். ஆற்றில் தண்ணீர்கூட இல்லை, இருந்தும் பார்த்தார்.

கொம்பன் சிரித்தது.

"என்ன பண்றது? சும்மா மென்னு துப்பத்தான். பொழுது போகணுமில்லே?"

"மென்னு துப்பத்தானா? அப்படின்னா ஒரு வருஷம் மெல்லாம இருந்தா உங்களுக்கு ஒண்ணும் குறையாது. பழைய விலைக்கு வேணும்னா சொல்லுங்க, இப்பவே இறக்கி வைக்கிறோம். இல்லேன்னா நாங்க திரும்பிப் போறோம்" என்றாள் சிலும்பி.

கொம்பனின் காது ஆடாமல் நின்றுவிட்டது. ஒரு கணம்தான். பிறகு மறுபடியும் ஆடத் தொடங்கியது.

"போங்க போங்க. நாலு நாள்ல நீங்களே வந்து நிப்பீங்க."

சிலும்பி முதுகுச் சுமையோடு திரும்பி நடந்தாள். மற்றத் தாய்மார்கள் கோரையனைப் பார்த்தார்கள், சிலும்பியைப் பார்த்தார்கள். தாய்க்கிழங்கைத் தோண்ட அவர்களுக்கும் மனம் வரவில்லை. ஒவ்வொருவராக அவள் பின்னால் நடந்தார்கள்.

கரட்டுக்கு வந்ததும் கோரையன் குதித்தார்.

"ஏ பிள்ளே, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? மழை வந்து ஆறு நிறைஞ்சா அடுத்த கோடை வரைக்கும் மண்ணைக் கண்ணாலகூடப் பார்க்க முடியாது. நாளைக்கே நான் போய் அவர் காலைப் பிடிச்சுக்கிறேன்."

"மாமா, அவரு காதைப் பார்த்தீங்களா?"

"காதுல என்ன?"

"மெல்லாம இருங்கன்னு சொன்னதும் நின்னுபோச்சு. மென்னு துப்புற சாமானுக்கு யாராச்சும் அப்படிப் பயப்படுவாங்களா? நம்ம தேவை என்னன்னு அவருக்கு அக்குவேறு ஆணிவேறா தெரியும். அவரு தேவை நமக்குத் தெரியலை. கொஞ்சம் பொறுங்க மாமா. முதல் மழை வரைக்கும் பொறுங்க."

கோரையன் முணுமுணுத்தார். ஆனாலும் போகவில்லை.

பொறுப்பது என்றால் சும்மாவா? கரட்டில் ஒரு குட்டிகூட வெளியே தலைகாட்ட முடியவில்லை. தாய்மார்கள் எங்கெங்கோ அலைந்து, பழைய எலும்பையும் மான் உதிர்த்த கொம்பையும் பொறுக்கிக்கொண்டு வந்து கொறிக்கக் கொடுத்தார்கள். அதில் கொஞ்சம் உப்புச் சத்து இருக்கும். குட்டிகளுக்கு அது போதவில்லை. முள் இறுகவே இல்லை.

சிலும்பி பகலெல்லாம் தன் வளை வாசலை முதுகால் அடைத்துக்கொண்டு படுத்திருப்பாள். முள் வெளிப்பக்கம், முகம் குட்டிகள் பக்கம். ஒருநாள் செந்நாய் ஒன்று வாசல் வரைக்கும் வந்து மோந்து பார்த்தது. அவள் முள்ளைச் சிலிர்த்துக் கிலுகிலுவென்று ஆட்டினாள். அது போய்விட்டது.

"அம்மா, எங்க முள்ளு எப்பம்மா இப்படிச் சத்தம் போடும்?" என்று சின்னக் குட்டி கேட்டது.

"போடும், போடும். எலும்பைக் கொறி" என்றாள். பயமாகத்தான் இருந்தது. தான் செய்தது சரிதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அக்கம்பக்கத்தார் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள். எதிர்வளைக்காரி மட்டும் காதில் விழும்படி, "ஒருத்தி வாயால ஊர்க் குட்டி எல்லாம் உள்ளே கிடக்குது" என்றாள். சிலும்பி வளை வாசலை இன்னும் இறுக்கி அடைத்துக்கொண்டாள்.

ஒரு மாலை மேற்கே மேகம் கறுத்தது. மறுநாள் காலையில் தூறல். சில நாளில் காய்ந்து கிடந்த புல் துளிர்விட்டது. ஆற்று மணலில் ஒரு கோடு தண்ணீர் ஓடத் தொடங்கியது.

கோரையன் கிளம்பிவிட்டார்.

"போதும் பிள்ளே, உன் பேச்சைக் கேட்டது போதும். தாய்க்கிழங்கானாலும் சரி, தோண்டுங்க எல்லாரும். ஆறு நிறையறதுக்குள்ளே நான் போய்ப் பேசிட்டு வர்றேன்."

அவர் கரட்டு அடிவாரத்துக்குப் போய்ச் சேரவில்லை. எதிரே யானைகள் வந்துகொண்டிருந்தன. முன்னால் யானைக் கூட்டத்தின் தலைவி. பின்னால் கொம்பன், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. நடுவே ஒரு குட்டி யானை. அதன் வயிறு உப்பியிருந்தது. கால் தள்ளாடியது. இரண்டு பெண் யானைகள் அதை இருபக்கமும் துதிக்கையால் தாங்கிக்கொண்டு வந்தன.

தலைவி பாறையடியில் நின்றாள்.

"இங்கே எங்க கொம்பன்கிட்டே கேள்வி கேட்டது யாரு?"

சிலும்பி மணல் திட்டிலிருந்து திருப்பிக்கொண்டு வந்திருந்த அதே கிழங்குச் சுமையோடு இறங்கி வந்தாள்.

"நான்தாம்மா."

"உன் கேள்விக்குப் பதில் இதோ நிக்குது" என்று தலைவி குட்டியைக் காட்டினாள். "முதல் மழையில துளிர்க்கிற புல்லைத் தின்னா எங்க குட்டிங்க வயித்துல பூச்சி வைக்கும். இந்தக் கிழங்கைக் கொடுத்தாத்தான் பூச்சி விழும். வேற மருந்து எங்க காட்டுல கிடையாது. மென்னு துப்பன்னு இவன் சொன்னது பொய்."

கோரையனுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே அவர் கண்ணில் ஒரு பளபளப்பு. சிலும்பியின் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார்.

"விடாதே பிள்ளே! சுமைக்குப் பத்துக் கட்டி கேளு. பேசாம கொடுப்பாங்க. குட்டி கிடக்கிற கிடையைப் பார்த்தியா?"

சிலும்பி பார்த்தாள். குட்டி யானை தரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டது. அதற்கும் அவள் குட்டிகள் வயசுதான் இருக்கும்.

அவள் முதுகை ஒரு சிலுப்பு சிலுப்பினாள். கிழங்குகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒன்றை மூக்கால் உருட்டிக் குட்டி யானையின் வாயருகே தள்ளினாள்.

"முதல்ல பிள்ளை தின்னட்டும். வியாபாரம் அப்புறம் பேசலாம்."

குட்டி யானை கசப்பில் முகத்தைச் சுளித்தது. ஆனாலும் தின்றது. வெயில் உச்சிக்கு வருவதற்குள் எழுந்து, தாயின் காலடியில் போய் நின்றது. தலைவியின் கண்ணில் நீர் வழிந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"இப்பச் சொல்லு தாயி. என்ன விலை?"

"ஒரு சுமைக்கு இரண்டு கட்டி. தாய்க்கிழங்கை நாங்க தோண்ட மாட்டோம், நீங்களும் கேக்கக் கூடாது. ஆறு நிறையறதுக்குள்ளே இந்த வருஷ மண்ணு எங்க கரைக்கு வந்து சேரணும்."

"அவ்வளவுதானா? நீ இன்னும் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேனே."

"தெரியும்மா. அடுத்த கோடைக்கும் நாம முகம் பார்த்துப் பேசணுமில்லே?"

தலைவி தலையசைத்தாள். கோரையனுக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"அம்மா, இத்தனை காலமா எங்க கிழங்கு உங்களுக்கு உயிர் மருந்தா இருந்திருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

தலைவி நிதானமாகத் திரும்பினாள்.

"இவன் பொய் சொன்னது எங்க தப்பு. அதுக்கு முன்னாடி எத்தனை கோடை போச்சு? நீங்க கேட்ட விலையை நாங்க கொடுத்தோம். எதுக்குன்னு நீங்க கேட்கவே இல்லையே கோரையா."

கோரையன் தலையைக் குனிந்துகொண்டார். முள்ளெல்லாம் படிந்துவிட்டது.

அன்று முழுவதும் யானைகள் நடந்தன. கொம்பன்தான் அதிகம் சுமந்தது. மாலையில் வெள்ளம் வந்து ஆறு நிறைந்தபோது, கரட்டு அடிவாரத்தில் உப்பு மண் கட்டிகள் குவிந்திருந்தன. குட்டிகள் வளைகளைவிட்டு ஓடி வந்து மூக்கெல்லாம் மண்ணாக நக்கின. எதிர்வளைக்காரி தன் பங்கிலிருந்து ஒரு கட்டியை உருட்டிக்கொண்டு வந்து சிலும்பியின் வாசலில் வைத்தாள்.

அடுத்த கோடை வந்தது. ஆறு வற்றியது. மணல் திட்டில் மறுபடியும் கூடினார்கள். இந்தத் தடவை தலைவியே வந்திருந்தாள். கோரையன் முன்னால் போய் நின்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்தார்.

"அம்மா, உங்க மண்ணு இல்லாட்டி எங்க குட்டிங்க..."

பின்னால் கிலுகிலுவென்று சத்தம் கேட்டது. திரும்பினார். சிலும்பியின் இரண்டு பிள்ளைகள், இறுகிய முள்ளில் கிழங்கைக் குத்திக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நின்றன. கோரையன் சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, தலைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுங்கம்மா, உங்க குட்டிங்க எல்லாம் சௌக்கியமா?"

தன் தேவையை மட்டும் சொல்லி, எதிராளியின் தேவையை ஒரு வார்த்தை கேட்காமல் வியாபாரம் செய்கிறவருக்குத் தன் பொருளின் அருமை கடைசி வரை தெரியாது.