அரை டன் விஞ்ச்

கிணறு வெட்டும் தொழிலை நாச்சிமுத்துவுக்குக் கற்றுக்கொடுத்தவள் மாராத்தாள். அவனைவிட நாலே வயது மூத்தவள். இருபது வருஷம் அவன் கீழே மண் அள்ளினான். மேலே அவள் கை விஞ்ச் சுற்றித் தொட்டியை ஏற்றி இறக்கினாள்.

இப்போது அவனுக்கென்று ஆறு ஆட்கள். மோட்டார் விஞ்ச் ஒன்று வாங்க வேண்டும். அவளைக் கோயமுத்தூர்க் கடைக்கு அழைத்துப் போனான்.

"பெருசு ரெண்டு டன் இழுக்குமுங்க," என்றார் கடைக்காரர். "சின்னது அரை டன்தான். மெதுவா ஏறும்."

நாச்சிமுத்துவின் கை பெரியதைத் தடவிக்கொண்டிருந்தது.

"எதுங்கக்கா எடுக்கட்டும்?"

"ரெண்டுலயும் மூட்டை கட்டித் தொங்கவுடச் சொல்லு."

மணல் மூட்டைகள் ஆளுயரம் ஏறி நின்றன. மாராத்தாள் எழுந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்தாள்.

பெரியதன் மூட்டை ஒரு கணம் தயங்கியது. பிறகு வழுக்கி வழுக்கித் தரையில் வந்து உட்கார்ந்தது. மற்றது அசையவில்லை.

கடைக்காரர் நெளிந்தார். "பெருசு சேத்துல மாட்டுன லாரிய இழுக்கறதுங்க. தொங்கற பாரத்த நிறுத்தற பிரேக் அதுல இல்லீங்க."

"சின்னதுல ஆள் எறங்கலாமா?"

"அதுக்குன்னே செஞ்சதுங்க. சீட்டுல போட்டிருக்குது."

சீட்டை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு நாச்சிமுத்துவிடம் திரும்பினாள்.

"உருளைல கயிறு சுத்துமேல சுத்தா ஏற ஏற இழுப்பு கொறையும். மேல வர வரத்தான் கனக்கும். அதையும் பாத்துக்க."

தொட்டி கிணற்று வாயை நெருங்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ திட்டுவது அவனுக்கு நினைவு வந்தது.

"எங்களத் திட்டறீங்கன்னு நெனச்சனுங்க."

"உங்களையுந்தான்," என்றாள்.

சின்னதையே எடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் தாங்கள் வெட்டிய கிணறுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தான் நாச்சிமுத்து. இது பாறை. இது ஊத்து. இங்கே முதல் தண்ணியைக் குடித்துவிட்டு எல்லோரும் ஆடினோம். காங்கயம் தாண்டி ஒரு தென்னந்தோப்பு வந்தபோது அவன் பேச்சு நின்றது.

அந்தத் தோப்புக் கிணற்றில்தான் கை விஞ்ச் பின்னால் சுழலாமல் தடுக்கும் பல் ஒடிந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பாதி ஆழத்தில், தொட்டிக்குள் அவன். மேலே அவள் ஒருத்தி. பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன பேர் வைப்பாய் என்று அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவனும் இருட்டுக்குள்ளிருந்து பேர்களாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தெரிந்த பேரெல்லாம் தீர்ந்துபோன பிறகுதான் தொட்டி ஏறியது.

"அன்னைக்கு நீங்க மட்டும் என்னயத் தூக்கலீன்னா..." என்றான்.

மாராத்தாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"தூக்குனது சோறு தின்னுட்டு வந்தவங்க. நான் புடிச்சுட்டு நின்னேன்."