இருபது கைதிகளுக்குத் தீனி

இது சிரிப்புக் கதைதான். ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

கதைக்குரிய மனிதர் சென்றாயனுக்கு இன்னும் விஷயம் எட்டவில்லை. அவருக்கு முன்னால் நாம் சிரித்துவிட்டால் மரியாதையாக இருக்காது. வாயை மூடிக்கொண்டு அவர் பின்னாலேயே போவோம்.

இதோ, கோபமாக வருகிறார்.

"தாயி, உன் வண்டு என்னை ஏமாத்திருச்சு."

தமயந்தி திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பூசணிக்காயை உருட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கொட்டகையில் எண்பது பூசணிக்காய்கள். ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பு அடித்ததுபோல் மாவுப்பூச்சி. ஊரே ஒழிக்கத் துடிக்கும் பூச்சியை இவள் பூசணிக்காய் போட்டு வளர்த்தாள். அந்தப் பூச்சியைப் போட்டு வண்டு வளர்த்தாள். வண்டைப் பாட்டிலில் அடைத்துத் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்தாள். அது போய் அவர்கள் தோட்டத்து மாவுப்பூச்சியைத் தின்னும். இதுதான் அவள் தொழில்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. சென்றாயனுக்கு ஐம்பத்தெட்டு. அவளிடம் அவர் சீடராகச் சேர்ந்து இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது.

சேர்ந்த அன்றே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"இதுல நூறு வண்டு இருக்கு, பெரியப்பா. தேன் தொட்ட பஞ்சு உள்ள வச்சிருக்கேன். ரெண்டு நாளைக்கு மேல வச்சிருக்காதீங்க. வெயில் தாழ விடுங்க. மருந்து அடிச்சிராதீங்க. அப்புறம், இது முட்டை வச்சுப் புழு வரும். அந்தப் புழு பார்க்குறதுக்கு..."

"எல்லாம் தெரியும் தாயி. முப்பது வருசமா திராட்சை போடுறேன்."

பாட்டிலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கேட்காத காதில் சொல்கிற பழக்கம் தமயந்திக்குக் கிடையாது. மீதியை அவள் பூசணிக்காயிடம்கூடச் சொல்லவில்லை.

நல்ல நாள் புதன்கிழமை என்று சென்றாயன் பாட்டிலை இரண்டு நாள் தண்ணீர்ப் பானையை ஒட்டிக் குளிர்ச்சியாக வைத்திருந்தார். அவர் மனைவி ராக்கம்மாள் அதை மிளகு என்று நினைத்து ரசத்துக்கு எடுத்தாள். உள்ளங்கையில் கொட்டிய மிளகு முழங்கை வரை நடந்தது.

இதற்குச் சிரிக்கலாம்தான். ஆனால் இந்தக் கதையின் சிரிப்பு இது இல்லை.

சரி, கோபத்துக்கு வருவோம். கோபத்துக்குக் காரணம் இருந்தது. போன அறுப்பில் வியாபாரி ஒரு கொத்தை மூக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான். கொத்துக்குள் வெள்ளை வெள்ளையாக ஊர்ந்தது. அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ராக்கம்மாள் முடிவெடுத்துவிட்டாள். இந்த முறையும் காய் வெளுத்தால் பந்தலைப் பிடுங்கிவிட்டு முருங்கை. ஜேசிபிக்காரனுக்குத் தேதியும் சொல்லியாகிவிட்டது.

அந்தப் பந்தலின் கல்தூண் ஒவ்வொன்றையும் சென்றாயன் தன் கையால் நட்டவர். இப்போது அவர் சாப்பிட உட்கார்ந்தால் அடுக்களையிலிருந்து "டர்ர்ர்ர்" என்று ஜேசிபி வரும். ராக்கம்மாள் வாயாலேயே ஓட்டுவாள். பின்னால் எடுக்கும்போது வரும் 'பீப் பீப்' உட்பட.

"பூச்சி குறையலையா?" என்றாள் தமயந்தி.

"குறையிறதா? கொழுத்துருச்சு. முன்னெல்லாம் அரிசிக் குருணை மாதிரி இருக்கும். இப்ப மேலெல்லாம் வெள்ளைச் சடை தொங்குது. பஞ்சுத் திரி மாதிரி. உன் வண்டுல பாதியைக் காணோம். அதைத் தின்னுட்டுத்தான் இந்தக் கொழுப்பு."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"சும்மா விடுவேனா? காலையில எந்திரிச்சா அதான் வேலை. தேடித் தேடி நசுக்குறேன்."

"சின்னதையா?"

"சின்னதை யாரு பார்த்தா? சடை வச்சதைத்தான். தலைவனை அடிச்சா மத்தது தானா அடங்கிரும்."

தமயந்தி பூசணிக்காயைக் கீழே வைத்தாள். கண்ணை மூடினாள்.

ஏதோ உபதேசம் வரப்போகிறது என்று சென்றாயன் கைகட்டி நின்றார். வந்தது கேள்விதான்.

"அது ஓடுமா, உட்கார்ந்திருக்குமா?"

"சின்னது உட்கார்ந்த இடத்துலயே கிடக்கும். பெருசு ஓடுது தாயி. களவாணிப்பய நடை."

"அப்படியா."

அவள் ஒரு காலிப் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"பெருசுல இருபதைப் பிடிச்சு இதுல போட்டுத் துணியால கட்டுங்க. உயிரோட வேணும்."

"எதுக்கு?"

"என் வண்டைத் தின்னுச்சுன்னு சொல்றீங்க. விசாரிக்காம எப்படி?"

சென்றாயனுக்கு அது நியாயமாகப் பட்டது.

"விசாரணை முடியுற வரைக்கும் தோட்டத்துல எதையும் நசுக்கக் கூடாது, பெரியப்பா. விசாரணை நடக்கும்போது கொலை விழுந்தா நல்லாவா இருக்கும்?"

"இருக்காதுதான்."

"உள்ள ஒரு இலையைப் போட்டு வைங்க. சின்னதுலயும் நாலைப் பிடிச்சுப் போடுங்க."

"அது எதுக்கு?"

"துணைக்கு."

ஐந்தாம் நாள் சென்றாயன் மறுபடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"தாயி, இது வாழுற குடும்பமே இல்ல. துணைக்குப் போட்டதைத் தின்னுருச்சு."

"யாரு?"

"பெருசுதான். பெத்த பிள்ளையைத் தின்னுது. நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன். பிடிச்சு, உறிஞ்சி, தோலைத் துப்புது."

"இலையைத் தின்னலையா?"

"மோந்துகூடப் பார்க்கலை. மறுபடி பத்துப் போட்டேன், அதையும் காணோம். இருபது போட்டேன், காலி."

"பசி போலருக்கு."

"பசியா? இது வெறி தாயி."

"எதுவா இருந்தா என்ன? கைதி பட்டினியில செத்தா நம்ம மேலதான் கேசு வரும். அதுக்குப் பிடிச்சதைப் போடுங்க."

சென்றாயன் தலையாட்டினார். வாசல்வரை போனார். நின்றார். எதையோ யோசித்தார். தலையைச் சொறிந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இந்த இடத்தில் பலருக்குச் சிரிப்பு முட்டும். அடக்குங்கள். வெளியே அவர் மொபெட்டை மிதித்துக்கொண்டிருக்கிறார். காதில் விழுந்துவிடும்.

அதன்பின் சென்றாயன் பிழைப்பே மாறிப்போனது.

விடிந்ததும் ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைவார். கைதிகளுக்கு மாவுப்பூச்சி பொறுக்குவார். முதல் வாரம் முதல் வரிசையிலேயே தீப்பெட்டி நிறைந்தது. அடுத்த வாரம் நாலாவது வரிசை வரை போக வேண்டியிருந்தது. சடை வைத்த பெருசுகள் பந்தலெங்கும் அவர் கண்ணெதிரிலேயே ஓடித் திரிந்தன. கை துறுதுறுத்தது. விசாரணையை நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டார்.

பாட்டிலில் இருந்தவற்றில் சில கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தன. குற்ற உணர்ச்சி என்று அவர் நினைத்துக்கொண்டார். மற்றவை தின்றுகொண்டே இருந்தன.

"கட்டின பெண்டாட்டி சாப்பிட்டாளான்னு ஒரு நாள் கேட்டதில்ல," என்றாள் ராக்கம்மாள். "அதுங்களுக்கு மூணு வேளை."

"உனக்குச் சட்டம் தெரியாது ராக்கு."

தேதி வந்தது. ஜேசிபியும் வந்தது. வாயால் வந்தது இல்லை; மஞ்சள் நிறத்தில், தோட்டத்து வேலியை ஒட்டி.

சென்றாயன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பந்தலுக்கடியில் கழுத்தை ஒடித்துக்கொண்டு கொத்து கொத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க இந்தப் பக்கம். வண்டி நிக்குது," என்றாள் ராக்கம்மாள்.

"பொறு ராக்கு. கைதிங்க நேத்துலருந்து பட்டினி. ஒரு பத்துப் பூச்சி கிடைச்சாப் போதும். அப்புறம் எதை வேணா பிடுங்கிக்க."

பத்துப் பூச்சியில் வேலை முடியும் என்றால் சரி என்று அவளும் சேலையைச் செருகிக்கொண்டு தேடினாள். ஜேசிபி ஓட்டுகிற பையன் டீயைக் குடித்துவிட்டு அவனும் இறங்கினான். மூன்று பேரும் ஆளுக்கு மூன்று வரிசை பார்த்தார்கள்.

ஒன்றும் அகப்படவில்லை.

சென்றாயன் தமயந்திக்குப் போன் போட்டார். அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

"தாயி, நம்ம மேல கேசு வரப்போகுது. கைதிங்களுக்குத் தீனி இல்ல."

"ஏன்?"

"தோட்டத்துல ஒரு மாவுப்பூச்சி கிடையாது."

"கடைசி வரிசையில பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பட்டைக்கு அடியில?"

"உரிச்சே பார்த்தேன் தாயி."

"கொத்துக்குள்ள?"

"நான் பார்த்தேங்கக்கா," என்றான் ஜேசிபிக்காரன். "கொத்துக்குள்ள பழம்தான் இருக்கு."

ராக்கம்மாள் சட்டென்று நின்றாள். பந்தலை அண்ணாந்து பார்த்தாள். கொத்தெல்லாம் கறுகறுவென்று, ஒரு வெள்ளைப் பொட்டு இல்லாமல் தொங்கியது. அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அழுகிறாள் என்று நினைத்துச் சென்றாயன் பதறினார்.

"நீ அழாத ராக்கு. பக்கத்துத் தோட்டத்துல கேட்டு வாங்கிட்டு வர்றேன்."

"பாட்டிலைக் காட்டுங்க பெரியப்பா," என்றாள் தமயந்தி.

அவர் எடுத்துக் கொடுத்தார். கண்ணாடியில் ஒட்டிக் கிடந்த சடை ஒன்று வெடித்திருந்தது. அதிலிருந்து கறுப்பாக ஒன்று நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. செம்மஞ்சள் தலை. மிளகு அளவு உடம்பு.

"இது உன் வண்டுல்ல? இது எப்படி உள்ள போச்சு? கட்டின துணி கட்டினபடி இருக்கே."

"நீங்க போட்டீங்களா?"

"நான் எங்க போட்டேன்? நான் போட்டது சடை வச்சது இருபது."

"இப்ப எத்தனை இருக்கு?"

அவர் விரலை நீட்டி எண்ணினார். ஒருமுறை எண்ணினார். பாட்டிலைத் திருப்பி மறுபடி எண்ணினார்.

"பத்தொன்பது சடை. ஒரு வண்டு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். நீட்டிய விரல் நீட்டியபடி நின்றது.

பாட்டிலைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். ஒரு இலைக்கடியில் சடை வைத்த பெருசு ஒன்று களவாணி நடையில் ஓடுவதைப் பார்த்தார். நசுக்கிய தன் கட்டைவிரலைப் பார்க்கப் போனவர், பார்க்காமல் கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

ராக்கம்மாளின் முந்தானைக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது.

சென்றாயன் ஜேசிபிக்காரன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வந்ததுக்கு ஒரு குழி மட்டும் தோண்டிக் குடுத்துட்டுப் போ."

"முருங்கை வைக்கவாண்ணே?"

"இல்லப்பா. நான் உள்ள இறங்கிப் படுத்துக்கிறேன்."