ராயர் தூக்கிய கால்

சிரிக்க வைக்கிறேன், சத்தியம். ஆனால் இப்போதே இல்லை. முதலில் செங்கமல ராயருக்கு நாற்காலி ஆசை வரவேண்டும்.

முன்னொரு காலத்தில் சங்கராபரணி ஆற்றங்கரைச் சீமையைப் பூபாலதேவன் என்றொரு ராசா ஆண்டார். மனசு தங்கம், புத்தி காற்றாடி. விருந்துக்கு வந்த பிரெஞ்சுக் கப்பல் தலைவர் லெரூ துரை, சுவரிலிருந்த மான்கொம்பைப் பார்த்துவிட்டு ராசாவை "ஷஸேர்" என்று புகழ்ந்தார்.

"வேட்டைக்காரர் என்கிறார், பிரபு," என்றார் மந்திரி அப்பாண்டை. துரைமார் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி நாற்காலியும் அவருடையதுதான்.

அந்த நாற்காலிமேல்தான் சபையிலிருந்த செங்கமல ராயருக்குக் கண். புதுச்சேரியில் மச்சினன் வீட்டில் நாலு மாதம் தின்று தூங்கிய மனுஷர். பிரெஞ்சில் நன்றி சொல்ல 'மெர்சி' மட்டும் வரும்.

"இதென்ன பெரிய விஷயம்," என்றார் மூக்கால். "மந்திரிக்குத் தெரிந்த பிரெஞ்செல்லாம் எனக்கும் தெரியும்."

ராசா குஷியாகிவிட்டார். "சரி ஓய். இந்தச் சொல்லுக்கு மந்திரி சொல்கிற அர்த்தமெல்லாம் உமக்குத் தெரிந்திருந்தால் நாற்காலி உமக்கு. ஒன்று தெரியாவிட்டாலும் ஆசையை விட்டுவிடும்."

மந்திரி ஒவ்வொன்றாகத் தமிழில் ராசாவுக்கும் பிரெஞ்சில் துரைக்கும் சொன்னார்.

"சட்டென்று பாயும் படைவீரனும் ஷஸேர்தான்."

துரை தலையாட்டினார்.

"தெரியும்," என்றார் ராயர்.

"பெரிய விடுதி வாசலில் பித்தளைப் பொத்தான் சட்டை போட்டு, விருந்தாளிக்காக ஓடுகிற பையன்."

"அவனோடு பேசியே இருக்கிறேன்."

"காளான் போட்ட கோழிக்குழம்பு."

"சாப்பிட்டிருக்கிறேன்."

"பேசின பையனையா?" என்றார் ராசா.

ராயருக்கு அது காதிலேயே விழவில்லை. மனசுக்குள் நாற்காலியில் சம்மணம் போட்டாயிற்று.

மந்திரி தொண்டையைச் செருமினார். "கடைசியாக ஒன்று. சபை நடுவே ஒற்றைக்காலில் நின்று மயில்போல அகவுகிறவர்."

இந்த முறை துரை தலையாட்டவில்லை; குடித்துக்கொண்டிருந்த இளநீர் அவருக்குப் புரையேறியது.

"அட, புதுச்சேரியில் எனக்கு அதுதானே வேலை," என்றார் ராயர்.

"எங்கே, ஒருதரம்," என்றார் ராசா.

ராயர் வேட்டியை மடித்துக் கட்டினார். காலைத் தூக்கினார். "க்யாஓ. க்யாஓ."

ராசா தம் சால்வையில் வாயைப் பொத்திச் சிரித்தார். அப்படியே அதைக் கழற்றி மந்திரி தோளில் போர்த்தினார். துரை, தெரிந்த கொஞ்சத் தமிழில் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்: "ஐயாவுக்கு உடம்பு என்ன?"

மந்திரி நாற்காலியில் நகர்ந்து பாதி இடம் விட்டார். "கால் வலிக்கப் போகிறது ராயரே, இப்படி வந்து உட்காரும்."

அந்தப் பாதி நாற்காலியைப் பார்த்தார் ராயர். சால்வையைப் பார்த்தார். துரை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தார். மூன்றாவது "க்யா" வந்தது. "ஓ" வரவில்லை.